அப்பாவின் கேசட் பெட்டி: ரிக்கார்டிங் சென்டர் பதிவுகளை எப்படிப் படிப்பது, எப்படிக் கேட்பது?

கேள்வி இதுதான்: "பரணில் அப்பாவின் பழைய கேசட்கள் ஒரு பெட்டி நிறையக் கிடைத்தன. அட்டையில் பாட்டுகளின் முதல் வரியைப் பேனாவால் எழுதியிருக்கிறார்கள். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. சில பாட்டு பாதியில் நின்றுவிடும் என்கிறார் அப்பா. '80கள்ல ரிக்கார்டிங் சென்டர்ல குடுத்துப் பதிஞ்சது' என்பதற்கு மேல் அவருக்கு ஞாபகம் இல்லை. அங்கே என்னதான் நடந்தது? இப்போது போட்டுக் கேட்கலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கேட்கலாம். ஆனால் அவசரப்பட்டு இன்றைக்கே ஏதோ ஒரு பழைய செட்டில் போட்டுவிடாதீர்கள். ஏன் என்பது பின்னால் வருகிறது.

1980களில் தமிழ்நாட்டின் பஸ் ஸ்டாண்டுகளிலும் கடைத்தெருக்களிலும் 'மியூசிக்கல்ஸ்', 'ரிக்கார்டிங் சென்டர்' என்று போர்டு மாட்டிய சின்னக் கடைகள் நிறைய இருந்தன. ஒரு ஆள் உட்காரும் இடம், பின்னால் இசைத்தட்டு அடுக்கிய அலமாரி, ஒரு ரிக்கார்ட் பிளேயர், ஆம்ப்ளிஃபையர், கேசட்டில் பதியும் டெக் ஒன்றிரண்டு. எம்ப்டி கேசட்டை அங்கேயே வாங்கலாம், கையோடும் கொண்டுபோகலாம். வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் பதிந்து தருவார்கள். கல்யாண சீசனில் ஒரு வாரம்கூட ஆகும்.

கம்பெனி கேசட் இருக்கும்போது இது எதற்கு? ஒரு படத்தில் நாலைந்து பாட்டுதான், எல்லாம் சேர்த்து இருபது இருபத்தைந்து நிமிஷம். அதனால் கம்பெனிக்காரர்கள் 'ஏ' பக்கம் ஒரு படம், 'பி' பக்கம் இன்னொரு படம் என்று போட்டு விற்றார்கள். ஒரு பாட்டுக்காக மற்ற ஒன்பதுக்கும் காசு கொடுக்க வேண்டும். 50களின், 60களின் பாட்டுகளிலோ பல கேசட்டாகவே வந்திருக்கவில்லை, இசைத்தட்டில் மட்டும்தான் கிடந்தன. வீட்டில் இசைத்தட்டுக் கருவி இருந்தவர்கள் சொற்பம். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்த நேஷனல் பானசோனிக், சோனி, சான்யோ டூ-இன்-ஒன்கள்தான் (ரேடியோவும் கேசட்டும் ஒன்றாக உள்ளவை) பல வீடுகளில் முதல் செட். சென்னை பர்மா பஜாரில் வாங்கியவர்களும் உண்டு. இசைத்தட்டுக்கும் இந்தச் செட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் பிழைத்த தொழில் ரிக்கார்டிங் சென்டர்.

சட்டப்படி அது சரியான தொழில் இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 1984இல் திருத்தம் வந்து தண்டனையைக் கூட்டினார்கள். உரிமையாளர் பெயரையும் ஆண்டையும் அட்டையில் அச்சிட வேண்டும் என்றும் ஆக்கினார்கள். தெருக்கோடிக் கடைக்குப் பட்டியலோடு போன யாரும் அதைத் திருட்டாக நினைத்ததில்லை. நகல் கேசட்டை ஆயிரக்கணக்கில் அடித்து விற்றவர்கள் வேறு ரகம்.

பட்டியல் விஷயத்துக்கு வருவோம். உங்கள் அப்பாவின் அட்டையில் இருக்கும் வரிசை அவருடைய ரசனை மட்டும் என்று நினைக்காதீர்கள். பாதி ரசனை, பாதி கணக்கு. சி-60 என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து அறுபது நிமிஷம், பக்கத்துக்கு முப்பது. நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும், ஆக முப்பது நிமிஷத்துக்கு 86 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வேண்டும். நல்ல கம்பெனிகள் ஒரு நிமிஷம்போலக் கூடுதலாகவே சுற்றியிருப்பார்கள், மட்டமான கேசட்டில் அது இருக்காது. 80களின் சினிமாப் பாட்டு சராசரியாக நாலேகால், நாலரை நிமிஷம். நாலரை நிமிஷப் பாட்டு ஆறு போட்டால் இருபத்தேழு நிமிஷம், மிச்சம் மூன்று. ஏழாவது பாட்டு அதில் அடங்காது. அங்கேதான் பாட்டு பாதியில் நிற்கும்.

தொழில் தெரிந்த கடைக்காரர் பட்டியலை அப்படியே பதியமாட்டார். "இடம் இருந்தா போடுறதுக்கு இன்னும் நாலு பாட்டு எழுதிக் குடுங்க" என்பார். இசைத்தட்டின் லேபிளிலோ தன் நோட்டிலோ இருக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்து, நீளமான இரண்டோடு குட்டையான ஒன்றைச் சேர்த்து, ஏழும் முப்பதுக்குள் விழுகிற மாதிரி வரிசையை மாற்றுவார். அதனால்தான் காதல் பாட்டுக்குப் பிறகு தாலாட்டும், அதற்குப் பிறகு குத்துப்பாட்டும் வருகிறது. அப்படியும் ஒன்றரை நிமிஷம் மிஞ்சினால் ஒரு டைட்டில் மியூசிக்கையோ, பாட்டில்லாத வாத்திய இசைத்துண்டு ஒன்றையோ போட்டு அடைத்துவிடுவதுண்டு. அட்டையில் எழுதாத ஏதாவது பக்கக் கடைசியில் ஒலித்தால் அது பெரும்பாலும் இந்த வகைதான்.

பழைய பாட்டு கேசட்டில் பக்கத்துக்கு எட்டு ஒன்பது இருப்பதைக் கவனியுங்கள். 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்றரை நிமிஷத்துக்கு உள்ளேதான் இடம். அந்தக் காலத்துப் பாட்டுகளின் நீளமே அதற்குள் அடங்கிப் பழகியது. நீளமான பாட்டானால் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். அப்படிப்பட்ட பாட்டைக் கேசட்டில் கேட்டால் நடுவில் ஒரு சின்ன மூச்சு விட்டு மறுபடி தொடரும். அது கடைக்காரர் தட்டைத் திருப்பிய இடம்.

பதியும் வேலையில் கை நேர்த்திதான் முக்கியம். முதலில் கேசட்டின் தொடக்கத்தில் இருக்கும் வெறும் பிளாஸ்டிக் நாடாவை ஓட்டிவிட வேண்டும். அதில் காந்தப் பூச்சு கிடையாது, சுமார் ஐந்து விநாடிக்கு எதுவும் பதியாது. இதை மறந்த கடையில் முதல் பாட்டு எப்போதும் தலை இல்லாமல் தொடங்கும். அடுத்து ரிக்கார்டையும் பிளேயையும் சேர்த்து அழுத்தி, பாஸ் பட்டனைப் போட்டு நாடாவை நிறுத்திவைத்து, வெல்வெட் பிரஷால் தட்டைத் துடைத்து, முள்ளை வைப்பார். முள் தட்டில் இறங்கும் 'டப்' சத்தம் முடிந்து பாட்டு தொடங்கும் முன்னால் ஒரு விநாடி அமைதி வரும். அந்த விநாடியில் பாஸை விட வேண்டும். முன்னால் விட்டால் டப் பதியும், பின்னால் விட்டால் முதல் தபேலா அடி போய்விடும். தேய்ந்த தட்டில் முள் ஒரே இடத்தில் சுற்றினால் முள் தலைமேல் ஒரு ஐந்து பைசாவை வைத்து ஓட்டுவார்கள். தட்டுக்கு அது நல்லதில்லை, ஆனால் அன்றைய பட்டியல் முடிய வேண்டுமே.

ஒலி அளவு இன்னொரு கண்டம். டெக்கின் ஒலி அளவு மீட்டரில் ஆடும் முள், பாட்டு உச்சத்துக்குப் போகும்போது சிவப்புக் கோட்டைத் தொட்டுத் திரும்ப வேண்டும். அதற்குக் கீழேயே நின்றால், வீட்டில் சத்தத்தைக் கூட்டும்போது பாட்டோடு 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சலும் கூடும். சிவப்பிலேயே கிடந்தால் வயலின் கூட்டம் கீறல் விழுந்த மாதிரி கேட்கும். ஒவ்வொரு தட்டும் ஒவ்வொரு சத்தத்தில் இருப்பதால் பாட்டுக்குப் பாட்டு குமிழைத் திருப்ப வேண்டும். சோம்பேறிக் கடையின் கேசட்டில் ஒரு பாட்டு முணுமுணுக்கும், அடுத்தது அலறும்.

80களின் பின்பாதியில் இரட்டை டெக் வந்ததும் வேலை சுலபமாயிற்று, தரம் இறங்கியது. இசைத்தட்டைத் தொடாமல், ஏற்கெனவே பதிந்து வைத்த மாஸ்டர் கேசட்டிலிருந்து நகல் எடுத்தார்கள். 'ஹை ஸ்பீடு' பட்டனை அழுத்தினால் பாதி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் ஜால்ரா, புல்லாங்குழல் போன்ற மேல்ஸ்தாயி ஒலிகள் மழுங்கிவிடும். ஒவ்வொரு நகலுக்கும் இரைச்சல் ஒரு படி கூடும். உங்கள் கேசட்டில் இசைத்தட்டின் 'பட்பட்' பொறிச்சத்தமும் நாடாவின் இரைச்சலும் சேர்ந்தே பலமாகக் கேட்டால் அது நகலின் நகலாக இருக்கலாம். பொறிச்சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டால் நேரே தட்டிலிருந்து எடுத்தது. என் கணக்கில் இரண்டாவதுதான் உசத்தி. பொறிச்சத்தத்தைக் காது மறந்துவிடும், மழுங்கலை மறக்காது.

சி-90 வாங்கினால் மலிவு என்று பலர் அதையே கேட்டார்கள். பக்கத்துக்குப் பத்துப் பாட்டு வரும். ஆனால் அதே ஓட்டுக்குள் கூடுதல் நாடாவை அடக்க வேண்டுமானால் நாடா மெலிய வேண்டும். சி-60இல் சுமார் 18 மைக்ரான் தடிமன், சி-90இல் 12, சி-120இல் 9தான். மெல்லிய நாடா சுலபமாக இழுபடும், மடங்கும், ரப்பர் உருளையில் சுற்றிக்கொள்ளும். அனுபவசாலிக் கடைக்காரர் சி-60 டி.டி.கே.யையோ சோனியையோ எடுத்து வைப்பார். கைக்கு அடங்கிய விலையில் மெல்ட்ராக், டி-சீரிஸ் இருந்தன. சி-120ஐ அவர் பேச்சைப் பதிய மட்டும்தான் ஒப்புக்கொள்வார்.

எல்லாக் கேசட்டும் கடையில் பதிந்ததாக இருக்காது. வீட்டில் பதிந்ததைக் கண்டுபிடிப்பது எளிது. பாட்டின் முன்னிசையில் அறிவிப்பாளர் குரல் கலந்திருந்தால் வானொலி. அதிலும் ஒலி அலை அலையாக ஏறி இறங்கினால் சிற்றலை, பெரும்பாலும் இலங்கை வானொலி. டூ-இன்-ஒன்னில் ரேடியோவிலிருந்து நேராகப் பதியலாம் என்பதால் வெளிச்சத்தம் வராது. பின்னணியில் ஃபேன் சுற்றும் ஓசை, குக்கர் விசில், யாரோ "ஷ்ஷ்" என்று அதட்டுவது கேட்டால் அது டி.வி. வெள்ளிக்கிழமை மாலை சென்னைத் தொலைக்காட்சியில் 'ஒலியும் ஒளியும்' ஓடும்போது செட்டைக் கொண்டுபோய் டி.வி. ஸ்பீக்கருக்கு எதிரே வைத்து, உள்ளேயே இருக்கும் மைக்கில் பிடிப்பார்கள். வீடே பேசாமல் உட்கார வேண்டும். பாட்டு அடங்கும் இடத்தில் ஃபேன் சத்தம் தானாக எழும்பி, பாட்டு எழும்போது அமுங்கினால் அது செட்டின் தானியங்கி ஒலிக் கட்டுப்பாடு செய்யும் வேலை, கேசட்டின் கோளாறு இல்லை.

இன்னொரு வகையைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வளைகுடா நாடுகளில் வேலைக்குப் போனவர்களுக்கும் ஊரில் இருந்தவர்களுக்கும் இடையில் கடிதத்துக்குப் பதில் கேசட் போய்வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் அதில் பேசலாம். லீவுக்கு வந்து திரும்புகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். கேட்டு முடிந்ததும் அதே கேசட்டில் பதில் பேசித் திருப்பி அனுப்புவதும் உண்டு, அதன்மேல் பாட்டுப் பதிந்துவிடுவதும் உண்டு. பாட்டு பக்கத்தின் கடைசிவரை நிரம்பாவிட்டால் அடியில் பழைய பேச்சு மிச்சம் கிடக்கும். 'பி' பக்கம் காலி என்று அட்டை சொன்னாலும் நம்பாமல் முழுக்க ஓட்டிப் பாருங்கள். பாட்டு எங்கேயும் கிடைக்கும், அந்தக் குரல் வேறெங்கும் கிடைக்காது.

மேல் விளிம்பில் இரண்டு சின்னச் சதுரக் காதுகள் இருக்கும். 'ஏ' பக்கம் உங்களைப் பார்க்க, நாடா தெரியும் வாய் கீழே இருக்கப் பிடித்தால் இடதுபக்கக் காது 'ஏ'க்கு உரியது. அதை ஒடித்துவிட்டால் அந்தப் பக்கத்தில் மறுபடி பதிய முடியாது. ஒடித்த பள்ளத்தின்மேல் செலோ டேப் ஒட்டியிருந்தால், பாதுகாக்க நினைத்ததை யாரோ பின்னால் மனம் மாறி அழித்துப் பதிந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். காது ஒடிக்காத கேசட் ஏதும் இருந்தால் இப்போதே ஒடித்துவிடுங்கள். பிளேவுக்குப் பதில் ரிக்கார்டை அழுத்தும் விபத்து இன்றைக்கும் நடக்கும்.

கேட்டது எதில் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டீக்கடையிலும் சலூனிலும் ஸ்பீக்கரை மண்பானையின் வாயில் பொருத்தி, மேலே பார்க்கவோ சுவரைப் பார்க்கவோ வைத்திருப்பார்கள். வெறும் ஸ்பீக்கரில் முன்பக்கம் தள்ளும் காற்றும் பின்பக்கம் இழுக்கும் காற்றும் ஒன்றையொன்று அடித்துவிடும், கனத்த ஒலி காணாமல் போகும். பானை பின்பக்கத்து ஒலியை அடைத்துவிடுவதால் அது தங்கும், பானைக்கே உரிய 'கும்' என்ற ஒலியும் சேரும். மரப்பெட்டி செய்ய ஆசாரிக்குக் கொடுக்கும் கூலியில் இரண்டு பானை வாங்கிவிடலாம். இளையராஜா பாட்டின் பேஸ் கிட்டாரைத் தமிழ்நாட்டில் கணிசமான பேர் முதலில் கேட்டது பானை வழியாகத்தான் இருக்கும்.

இனி, எப்படிப் போடுவது. பரணில் பல வருஷம் கிடந்த கேசட்டில் மூன்று ஆபத்து: பூஞ்சை, பஞ்சு, செட்.

வெளிச்சத்தில் பிடித்து, ஜன்னல் வழியாக நாடாச் சுருளின் பக்கவாட்டைப் பாருங்கள். பளபளவென்று பழுப்பாக இருந்தால் நல்லது. வெள்ளைத் திட்டோ மாவு தூவியதுபோலவோ இருந்தால் பூஞ்சை. அதைத் தனியே எடுத்து வையுங்கள். நல்ல கேசட்டோடு ஒரே செட்டில் போட்டால் ஹெட் (நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் பாகம்) வழியாக மற்றதற்கும் பரவும். மூக்கு வாயைத் துணியால் மூடிக்கொண்டு, உலர்ந்த மெல்லிய துணி நாடாவை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்க, கையால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இரண்டு தடவை சுற்றினால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். தண்ணீர் ஆகாது.

அடுத்தது பஞ்சு. கேசட்டின் வாயில் நடுவே, நாடாவுக்குப் பின்னால் செம்புத் தகட்டின்மேல் ஒட்டிய சின்னப் பஞ்சுத் துண்டு இருக்கும். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து விழுந்துவிட்டால் பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும், பலர் 'நாடா செத்துப்போச்சு' என்று தூக்கிப் போடுவது இதனால்தான். ஐந்து திருகாணிகளைக் கழற்றி, நாடாச் சுருள் இரண்டையும் அப்படியே புதுக் கேசட்டின் ஓட்டுக்குள் மாற்றிவிடலாம். கழற்றும் முன் நாடா எந்த உருளையைச் சுற்றி எப்படிப் போகிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திருகாணி இல்லாத ஒட்டிய ஓடு என்றால் சந்தில் பிளேடு வைத்து மெல்ல நெம்ப வேண்டும். நாடா ஒரு அரைத் திருப்பு திரும்பிவிட்டால் பூச்சில்லாத முதுகுதான் ஹெட்டில் படும். மறுபக்கத்துப் பாட்டு மங்கலாக, பின்னாலிருந்து முன்னாக ஓடும். பேய்க்குரல் மாதிரி இருக்கும். பயப்படாமல் திருப்பைத் தேடி நேராக்குங்கள்.

அறுந்த நாடாவை ஒட்ட செலோ டேப் வேண்டாம். அதன் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும், ஹெட்டிலும் படியும். இதற்கென்றே ஒட்டுநாடா இன்றும் ஆன்லைனில் கிடைக்கிறது. இரண்டு முனையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரே வெட்டாகச் சாய்வாக வெட்டி, நேரே சேர்த்து, பூச்சில்லாத முதுகுப் பக்கத்தில் ஒட்டி, வெளியே நீட்டியதை நறுக்குங்கள்.

செட்தான் பெரிய வில்லன். பல வருஷம் ஓடாத செட்டின் ரப்பர் பெல்ட் ஒன்று தொய்ந்திருக்கும், அல்லது தார்போல உருகியிருக்கும். தொய்ந்தால் பாட்டு இழுக்கும், அழும். நாடாவைப் பிடித்து நகர்த்தும் ரப்பர் உருளையில் பழுப்பு அழுக்குப் படிந்து பளபளத்தால் நாடா அதில் ஒட்டி உள்ளே போய்விடும். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு ஹெட்டையும் அதன் பக்கத்து இரும்புக் கம்பியையும் துடையுங்கள். ரப்பர் உருளைக்கு நீர்த்த சோப்புத் தண்ணீர் போதும். பின் உங்களுக்கு வேண்டாத ஒரு கேசட்டை ஒரு பக்கம் முழுக்க ஓட்டிப் பாருங்கள். அது தப்பினால்தான் அப்பாவின் கேசட். மீறி நாடா சிக்கினால் ஸ்டாப்பை அழுத்தி, வெடுக்கென்று இழுக்காமல், உருளையைக் கையால் பின்னோக்கிச் சுற்றி நாடாவை விடுவித்து, ஆறு பட்டைப் பென்சிலைப் பல்சக்கரத்தில் செருகி இறுக்குங்கள். நடராஜ் பென்சில் கச்சிதமாகப் பிடிக்கும். கசங்கிய இடம் அப்படியேதான் இருக்கும், தேய்த்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

ஓடுகிறது, ஆனால் மங்கலாக இருக்கிறது என்றால் ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட ஒரு சின்னத் திருகாணி இருக்கும். ஹெட் எந்தச் சாய்வில் பதிந்ததோ அதே சாய்வில்தான் கேட்க வேண்டும், கடைக்காரரின் டெக்கும் உங்கள் செட்டும் ஒரே சாய்வில் இருந்தால் அதிசயம். பாட்டு ஓடும்போதே அந்தத் திருகாணியைக் கால் சுற்றுக்குள் அப்படி இப்படித் திருப்பி, 'ஸ', 'ச' எழுத்துகள் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதை மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

கம்ப்யூட்டரில் ஏற்றும்போது முதலில் கேசட்டை முழுக்க முன்னும் பின்னும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள், ஒட்டிக்கொண்ட சுற்றுகள் விடுபடும். செட்டின் லைன் அவுட்டிலிருந்து, அது இல்லையென்றால் ஹெட்ஃபோன் துளையிலிருந்து, கம்ப்யூட்டரின் லைன் இன்னுக்கு. ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் 44,100 ஹெர்ட்ஸில் வேவ் கோப்பாக எடுங்கள், எம்.பி.3 பிறகு. பாட்டுப் பாட்டாக நிறுத்தி நிறுத்தி எடுக்க வேண்டாம். பக்கம் முழுவதையும், கடைசி வெற்றுப் பகுதி உட்பட, ஒரே கோப்பாகப் பிடித்து, அட்டையின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அதே பெயரில் சேர்த்து வையுங்கள். இரைச்சல் நீக்கும் வித்தையெல்லாம் நகலில் மட்டும். குக்கர் விசிலையும் அதில் நீக்கிவிடாதீர்கள்.